சீடன் என்பவன் யார்?



முதல் வருஷம் ஒர்க் ஷாப்பில் ஃபைலிங் பழகியது ஞாபகம் இருக்கிறதா? "நான் பிடிக்கிற மாதிரி பிடி" என்றார் இன்ஸ்ட்ரக்டர். கை கொப்பளித்த பிறகுதான் ஜாப் ஸ்கொயர் ஆனது. சீடத்துவமும் அப்படித்தான். புதிய ஏற்பாட்டில் 'சீடன்' என்பதற்குரிய கிரேக்கச் சொல்லுக்குக் கற்றுக்கொள்பவன் என்றே பொருள். இயேசு கூப்பிட்டதும் மீனவர்கள் வலையை விட்டுவிட்டுப் பின்னால் போனார்கள். போகப் போகத்தான் கற்றார்கள்.

ஜெர்மானியப் போதகர் டீட்ரிச் போன்ஹோஃபர் 1937-இல் சீடத்துவம் பற்றி ஒரு நூல் எழுதினார். விலை கொடுக்காத விசுவாசம் மலிவானது என்பது அதன் சாரம். 1939-இல் அமெரிக்கா போனவர் அங்கேயே பத்திரமாக இருந்திருக்கலாம். ஒரு மாதத்திற்குள் ஹிட்லரின் ஜெர்மனிக்கே திரும்பினார். 1943-இல் சிறை. 1945 ஏப்ரல் 9-இல் தூக்கு. வயது 39.

நமக்குத் தூக்குமேடை இல்லை; ஆனால் சின்னச் சின்ன விலை உண்டு. போன லீவில் நான் ட்ரெயினிங் போன இடத்தில், டெஸ்ட் பண்ணாத பீஸ்களுக்கும் 'ஓகே' எழுதச் சொன்னார்கள்.

"எல்லாரும் செய்யறதுதான் தம்பி" என்றார் சூப்பர்வைசர்.

"டெஸ்ட் பண்ணிட்டு எழுதறேன் சார்" என்றேன்.

மறுநாள் முதல் எனக்குக் கூட்டிப் பெருக்குகிற வேலை! சர்டிஃபிகேட் இன்னும் வரவில்லை. அம்மாவுக்கு அதே கவலை, எனக்கும் பயம்தான். ஆனால் அந்தப் பீஸ் நாளைக்கு ஏதோ ஒரு மெஷினில் சுழலும். பக்கத்தில் ஒருவர் நிற்பாரே!

ஞாயிறு ஆராதனையில் பாடுவது சுலபம். திங்கட்கிழமை ஷிஃப்டில் அதன்படி நடப்பதுதான் கஷ்டம். சீடனுக்குப் பரீட்சை அங்கேதான், தோழர்களே!