எழுதியவர் பெயர்

"மேடம், ஃப்ரீயா இருக்கீங்களா? ஒரு சின்ன டவுட்டு. கேட்டா சிரிப்பீங்க."

இரவு ஒன்பது மணிக்கு மேல் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகின்றன. அழைப்பவள் முனைவர் பட்ட ஆய்வாளராக இருப்பாள். இல்லையென்றால் வேறொரு கல்லூரியில் வேலை பார்க்கும் தோழியாக இருப்பாள். அடுப்படியை ஒதுக்கி, பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு மடிக்கணினியைத் திறந்திருப்பாள். கேள்வி அகத்திணை பற்றியதாக இருக்காது. மேக் கணினியில் வேர்டு கோப்பு திறக்கவில்லை, எக்செலில் தேதி மாறிவிட்டது, தட்டச்சு செய்த தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிகிறது என்று ஏதாவது ஒன்றாக இருக்கும்.

நான் தமிழ் படித்தவள். கணினியை யாரிடமும் முறையாகப் படித்ததில்லை. என் நாத்தனார் மகன் கலிஃபோர்னியாவிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது, "அத்தை, நான் புதுசு வாங்கிட்டேன், இத நீங்க வெச்சுக்குங்க" என்று ஒரு மேக்கை விட்டுப்போனான். கேட்க ஆளில்லாததால் நானே தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டது வெளியே தெரிந்ததும், என்னைக் கேட்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

எங்கள் வட்டத்தில் கடைக்குப் போய், தன் பணத்தில் மேக் வாங்கிய பெண்கள் மிகக் குறைவு. அண்ணன் புதியது வாங்கினால் பழையது தங்கைக்கு வரும். மகன் வேலை மாறினால் அம்மாவுக்கு வரும். கணினியோடு சேர்த்து அவர்களுடைய பெயர், கடவுச்சொல், அவர்கள் சந்தா கட்டும் ஆபிஸ் மென்பொருள் எல்லாமும் வந்து சேரும். ஒரு எழுத்துருவைக் கணினி முழுமைக்கும் நிறுவ வேண்டுமென்றால் கடவுச்சொல் கேட்கும். நமக்கு மாலை என்றால் அங்கே விடியற்காலை. அண்ணன் எழுந்திருக்கும்வரை தங்கையின் ஆய்வேடு காத்திருக்கும்.

அந்தக் கணினியின் விசைப்பலகையில் நான்கு மூலையிலும் சுழி வைத்த ஒரு சதுரம் இருக்கும். அதன் பெயர் கமாண்ட் விசை. எங்களில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. "கோலம் போட்ட பட்டன அமுக்கிப் பிடிச்சிக்கிட்டு எஸ்ஸ அமுக்கு" என்றால்தான் புரியும். அந்தக் குறியைத் தேர்ந்தெடுத்தவர் சூசன் கேர் என்ற பெண் என்பது எனக்கு வெகுநாள் கழித்தே தெரிந்தது. 1984இல் வெளிவந்த முதல் மேக்கின்டாஷுக்குச் சின்னங்களையும் எழுத்துருக்களையும் வரைந்தவர் அவர். கலைத்துறையில் முனைவர் பட்டம் பெற்றவர். பட்டியல்களில் ஆப்பிள் சின்னம் அளவுக்கு மீறி வருகிறது என்று ஸ்டீவ் ஜாப்ஸ் சொன்னதால் வேறு குறி தேடியவர், குறிகளைத் தொகுத்த ஒரு புத்தகத்திலிருந்து இதை எடுத்தார். சுவீடனில் பார்க்கத்தகுந்த இடங்களைக் காட்டப் பயன்பட்ட குறி இது. கட்டம் போட்ட நோட்டில் ஒவ்வொரு கட்டமாக நிரப்பித்தான் அவர் சின்னங்களை வரைந்து பார்த்தாராம். புள்ளி வைத்துக் கோலம் போட்டுப் பழகிய எந்தப் பெண்ணுக்கும் இந்த வேலைமுறையை விளக்க வேண்டியதில்லை. என் மாணவிகளிடம் இதைச் சொன்னபோது ஒருத்தி, "அப்ப நாம சரியாத்தான் பேர் வெச்சிருக்கோம் மேடம்" என்றாள்.

வரும் கேள்விகளில் பாதி, பழக்கம் மாறியதால் வருபவை. டிலீட் விசை முன்னால் இருக்கும் எழுத்தை அழிக்காமல் பின்னால் இருப்பதை அழிக்கிறதே? எஃப்என் விசையைச் சேர்த்து அமுக்கினால் முன்னால் இருப்பது அழியும். சிவப்புப் புள்ளியை அமுக்கியும் வேர்டு போகவில்லையே? அது சன்னலை மட்டும்தான் மூடும். கோல விசையோடு க்யூவை அமுக்கினால்தான் மென்பொருள் மூடும்.

மீதிப் பாதி தமிழ் பற்றியது. பழைய கட்டுரைகள் பாமினி போன்ற எழுத்துருக்களில் இருக்கும். அவற்றில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருப்பார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும். "எல்லாம் அழிஞ்சிருச்சு மேடம்" என்று பதறுவார்கள். எதுவும் அழியவில்லை, ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்ளலாம். இன்னொரு பதற்றம், சமர்ப்பிக்கும் நாளில் வரும். வீட்டு மேக்கில் 240 பக்கம் இருந்த ஆய்வேடு பல்கலைக்கழகத்து விண்டோஸ் கணினியில் 255 பக்கமாகி, பொருளடக்கம் முழுக்கப் பொய்யாகிவிடும். மேக்கோடு வரும் இணைமதி, தமிழ் சங்கம் எம்என் போன்ற எழுத்துருக்கள் விண்டோஸில் இருப்பதில்லை. அங்கே வேறோர் எழுத்துரு அந்த இடத்தில் வந்து உட்காரும். அதன் அகலம் வேறு. இரண்டு கணினியிலும் ஒரே எழுத்துருவை நிறுவிக்கொள், இல்லையென்றால் பிடிஎஃப் ஆக்கிக் கொடு என்பேன்.

இந்தப் பதில்கள் எதுவும் கடினமானவை அல்ல. கடினமாக இருப்பது, கேட்பவள் தவறு தன்னுடையது என்று முடிவுசெய்துவிட்டு வருவதுதான். ஒரு தோழி தன் துறை ஆசிரியர்களின் பணியில் சேர்ந்த தேதிப் பட்டியலைப் பழைய மேக் கோப்பொன்றிலிருந்து புதிய எக்செல் கோப்பில் ஒட்டினாள். எல்லோரும் நான்கு ஆண்டும் ஒரு நாளும் முன்னதாகவே வேலைக்குச் சேர்ந்ததாகக் காட்டியது. தான்தான் தப்பாக எழுதிவிட்டோம் என்று பணிப்பதிவேடுகளை வைத்துக்கொண்டு இரண்டு இரவு சரிபார்த்திருக்கிறாள். விஷயம் இதுதான்: மேக்கின் பழைய எக்செல் கோப்புகள் நாட்களை 1904இலிருந்து எண்ணும், விண்டோஸ் எக்செல் 1900இலிருந்து எண்ணும். இடையில் 1,462 நாள் வித்தியாசம். "உன்மேல தப்பே இல்லடி" என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நெஜமாவா?" என்று கேட்டாள்.

நானும் ஒரு தவறு செய்துகொண்டிருந்தேன். யாராவது கணினியோடு வந்தால், "தள்ளு, நான் பாக்கறேன்" என்று வாங்கிச் சரிசெய்து கொடுத்துவிடுவேன். அடுத்த வாரம் அதே கேள்வியோடு அவள் திரும்ப வருவாள். வீட்டில் அண்ணன்களும் கணவன்மார்களும் செய்வதும் இதைத்தான் என்று உறைக்க எனக்குச் சில ஆண்டுகள் ஆயின. இப்போது என் கைகளைக் கட்டிக்கொள்கிறேன். நேரம் மூன்று மடங்கு ஆகிறது.

அந்த நேரத்துக்குக் கணக்கில்லை. கல்லூரியில் கணினி உதவிக்கென்று ஒரு குழு அமைத்தபோது ஒருங்கிணைப்பாளராக ஓர் ஆண் பேராசிரியரைப் போட்டார்கள். பணி மதிப்பீட்டுப் படிவத்தில் அவருக்கு அதற்கு மதிப்பெண் உண்டு. அவரிடம் மேக் பற்றி யாராவது கேட்டால் அவர் எனக்கு ஃபோன் செய்வார். என் கவிதைத் தொகுப்பு ஒன்று ஓராண்டு தள்ளிப்போனதற்கு இந்த இரவுகளும் ஒரு காரணம். பெண்கள் கேட்டதற்காக நான் வருந்தவில்லை. நான் செய்வது வேலை என்று யாருக்கும் தோன்றவில்லையே என்பதுதான் உறுத்தியது. வெகுநாள் எனக்கே தோன்றவில்லை.

பிறகு ஒரு மாணவி அழைத்தாள். அன்று அவள் சிரிப்பீங்க என்று தொடங்கவில்லை, அழுதுகொண்டிருந்தாள். ஆய்வேட்டின் மூன்றாம் இயலைத் துறைக்கு அனுப்பியிருந்தாள். அங்கே யாரோ கோப்பின் பண்புகளைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். எழுதியவர் என்ற பெட்டியில் ஓர் ஆணின் பெயர். எல்லோர் முன்னிலையிலும் அவளை நிற்கவைத்து, "யாரும்மா இது? யார் எழுதிக் கொடுத்தது?" என்று கேட்டிருக்கிறார்கள்.

அது அவள் அண்ணனின் பெயர். இயந்திரப் பொறியாளர். பத்தாம் வகுப்போடு தமிழைப் படித்து முடித்தவர். கணினி அவர் கொடுத்தது. மென்பொருளும் அவர் பெயரில் பதிந்தது. புதிய கோப்பொன்றைத் தொடங்கும்போது, வேர்டு அதில் பதிந்திருக்கும் பயனர் பெயரை எடுத்து எழுதியவர் என்று போட்டுக்கொள்ளும். யார் விசையைத் தட்டினார்கள் என்று அதற்குத் தெரியாது. யாரும் எந்தப் பெயரையும் போட்டுக்கொள்ளக்கூடிய ஒரு பெட்டி அது. நான்கு ஆண்டு உழைப்பைச் சந்தேகிக்க அது போதுமானதாக இருந்திருக்கிறது. பெட்டியில் இருந்தது ஒரு பெண்ணின் பெயராக இருந்திருந்தால் அப்படிக் கேட்டிருப்பார்களா என்று எனக்குத் தெரியவில்லை.

அன்றிரவு அவளுக்கு வழி சொல்வதற்காக என் கணினியைத் திறந்து, என் கவிதைக் கோப்பு ஒன்றின் பண்புகளைப் பார்த்தேன். எழுதியவர்: என் நாத்தனார் மகன். அடுத்த கோப்பு, அதற்கடுத்தது, எல்லாவற்றிலும் அவன் பெயர். என் பிள்ளைப்பேறு பற்றிய கவிதைகளையும் அவன்தான் எழுதியிருந்தான்.

மறுநாள் அந்தத் துறைக்கு அவளோடு போனேன். பேசவில்லை, என் கணினியைத் திறந்து, அச்சில் வந்துவிட்ட என் தொகுப்பின் கோப்பையும் அதன் பண்புகளையும் காட்டினேன். பார்த்தார்கள். ஒருவர் சிரித்தார். "சரிம்மா, சரி, போய் வேலையப் பாருங்க" என்றார்கள். யாரும் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.

திரும்பும் வழியில் என் ஆய்வேடு நினைவுக்கு வந்தது. அதைத் தட்டச்சு செய்தது பல்கலைக்கழகத்துக்கு எதிரே இருந்த டிடிபி கடையில் ஒரு பெண். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. என் கிறுக்கல் கையெழுத்தையும் அடிக்குறிப்புகளையும் அவள் பிழையில்லாமல் அடித்தாள். இரண்டு இடங்களில் என் சந்திப் பிழையையும் திருத்தினாள். நன்றியுரையில் கடை உரிமையாளரின் பெயரைப் போட்டிருக்கிறேன். அவள் பெயரை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை.

இப்போது யார் மேக்கோடு வந்தாலும் முதல் பாடம் ஒன்றுதான். வேர்டு பட்டியலில் அமைப்புகளுக்குப் போ. பயனர் விவரத்தில் உன் பெயரை எழுது. பழைய கோப்புகள் தானாக மாறாது. ஒவ்வொன்றையும் திறந்து, ஃபைல் பட்டியலில் பண்புகளுக்குப் போய் எழுதியவர் பெயரை மாற்று. என் கோப்புகளை மாற்ற எனக்கு மூன்று மாலைகள் ஆயின.

போன வாரம் அந்த மாணவி அழைத்தாள். வாய்மொழித் தேர்வு முடிந்துவிட்டது; இப்போது அவளுக்கும் அழைப்புகள் வருகின்றன. "மேடம், கருத்துரைகள்ல பேர் மாத்தறது எப்படி? ஒருத்தி கேக்கறா" என்றாள். சின்ன டவுட்டு என்று சொல்லவில்லை. நானும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.