வண்டிக்கு என்ன வர்ணம்?

ஹென்றி போர்டு பாக்கியசாலி! 1914 முதல் 1925 வரை தமது 'டி' மாடல் மோட்டாருக்குக் கறுப்பு ஒன்றையே பூசி, விஷயத்தை முடித்துவிட்டார். எங்கள் புது வண்டிக்கு வர்ணம் தேர்ந்தெடுக்கவோ வீட்டில் ஒரு மகாநாடே கூடவேண்டியிருந்தது.

"வெள்ளையே உத்தமம், வெயிலை அதிகம் இழுக்காது" என்றாள் என் சகதர்மிணி. நாமக்கல்லுக்கு அது வாஸ்தவந்தான். நாங்கள் வசிக்கும் திண்ணனூர் நாடோ கொல்லிமலைமேல் இருக்கிறது. காரவள்ளியிலிருந்து ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். மூடுபனியில் வெள்ளை வண்டி பனியோடு பனியாய்க் கரைந்துவிடும். வளைவில் எதிரே வருபவருக்கு எப்படித் தெரியும்? ஆகவே, ஆரஞ்சு என்று தீர்மானமாயிற்று.

உள்ளே சந்தன நிறம் வேண்டுமென்றாள் என் பெண். முகப்புப் பலகை வெளிர் நிறமானால், வெயிலில் அதன் பிரதிபிம்பம் முன்கண்ணாடியில் விழுந்து பாதையை மங்கச் செய்யுமே! அங்கே கறுப்புத்தான்.

வெளி வர்ணம் எதிரே வருபவருக்கு. உள் வர்ணம் ஓட்டுபவருக்கு. எங்கள் ரசனைக்கென்று மிஞ்சியது ஆசன உறை ஒன்றே. அதற்காக இரண்டாவது மகாநாடு நடந்துகொண்டிருக்கிறது!