தண்ணியில்லாக் காட்டில் ஒரு நீராட்டு

ராமேஸ்வரம் ரயிலில் போகிறவர்கள் ராமநாதபுரத்தில் இறங்குவது குறைவு. ஆவடியில் புறநகர் வண்டி பிடித்து, பார்க் ஸ்டேஷன் படிகளில் பையைத் தூக்கிக்கொண்டு எழும்பூர் வந்து ஏறிய என்னிடம், “தீர்த்தமாடப் போகலையா தம்பி?” என்றார் எதிர் இருக்கைப் பாட்டி. அரண்மனை பார்க்க என்றேன். “அந்தத் தண்ணியில்லாக் காட்டுலயா?”

அந்த அரண்மனையின் ராமலிங்க விலாசம், ராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதி காலத்துக் கட்டடம். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் சுவர்களையும் விதானத்தையும் ஓவியங்களால் நிறைத்தவர் முத்து விஜய ரகுநாத சேதுபதி. இப்போது தொல்லியல் துறையின் அருங்காட்சியகம். கீழே தஞ்சை மராத்தியரோடு போர், மன்னரைக் காண வந்த ஐரோப்பியர், செங்கோல் தரும் ராஜராஜேஸ்வரி, இடையிடையே ராமாயணம். குறுகிய படியேறினால் அந்தரங்க அறை. சிவப்புப் பின்னணியில் பக்கவாட்டு முகங்கள், நீண்ட கண்கள், சன்னமான மஸ்லின். பெண்கள் சூழ மன்னர் நீராடுகிறார். ஆவடியில் தண்ணீர் லாரிக்குக் குடம் வரிசை போட்டு வளர்ந்தவன் நான்; அந்தக் குளத்தைவிட்டு நகரவே மனம் வரவில்லை.

ஏறத்தாழ இதே காலத்தில் பிரான்சில் 14ஆம் லூயிக்கும் தண்ணீர்தான் தலைவலி. அவருடைய வெர்சாய் அரண்மனையை 1668இல் பியேர் பத்தேல் வரைந்த ஓவியம், பருந்துப் பார்வையில் கட்டடம், நேர்கோட்டுப் பாதைகள், வானம்வரை ஓடும் தோட்டம் என விரிகிறது. ஆனால் அந்தத் தோட்டத்தின் அத்தனை நீரூற்றுகளுக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் விட வழியில்லை. அரசர் நெருங்கும்போது விசிலடித்துச் சைகை கொடுத்துத் திறப்பார்கள்; கடந்ததும் மூடிவிடுவார்கள். 1684இல் செய்ன் நதி நீரை மேலேற்ற மார்லியில் ராட்சத இயந்திரம் நிறுவியும் பற்றாக்குறை தீரவில்லை.

பத்தேலின் படத்தில் அரசரைத் தேடத்தான் வேண்டும். முகப்பில் வரும் சின்னஞ்சிறு வண்டிக்குள் இருக்கிறார். இங்கோ திரும்பிய பக்கமெல்லாம் சேதுபதி. மாளிகையும் மரமும் அவர் அமர இடம் கொடுப்பதோடு சரி. தற்பெருமையில் யாரும் சளைத்தவர்களில்லை. ஆனாலும் எனக்கு ராமநாதபுரத்து ஓவியரைத்தான் பிடித்திருக்கிறது. அளவுகோல் வைத்து நிலத்தை மிரட்டாமல், ஆட்களின் கையையும் கண்ணையும் நம்பியவர்.

சுவரில் மன்னருக்குக் குளம் இருந்தாலும், இந்தச் சீமை பிழைத்ததென்னவோ கண்மாயாலும் ஊருணியாலும்தான். வெளியே வந்ததும் பெரிய கண்மாய்க்கு ஆட்டோ கேட்டேன்.

“அங்க என்ன சார் இருக்கு?” என்ற டிரைவர், போகவர இருநூறு என்றார்.