இடுக்கு

ஊட்டிக்கு மாற்றல் உத்தரவு வந்தபோது நண்பர்கள் பொறாமைப்பட்டார்கள். எழுதுவதற்கு ஏற்ற ஊர் என்றார்கள். டிசம்பரில் பேனா பிடிக்க விரல் மடங்காது என்பதை யாரும் சொல்லவில்லை. தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரனுக்குக் குளிர் என்பது மார்கழி விடியற்காலையோடு முடிந்துவிடுகிற விஷயம். 2,200 மீட்டருக்கு மேல் அப்படி இல்லை. வானம் தெளிந்த ஜனவரி இரவுகளில் பூஜ்யத்தை ஒட்டி வந்துவிடும். காலையில் ரேஸ்கோர்ஸ் புல்வெளி உப்பளம் மாதிரி வெளுத்துக் கிடக்கும்.

எனக்குக் கிடைத்தது ஒரு பழைய பங்களாவின் மாடியில் ஒரு போர்ஷன். வெள்ளைக்காரர் காலத்து வீட்டைப் பிளைவுட் வைத்து நான்காகத் தடுத்திருந்தார்கள். 14 அடி உயரக் கூரை. ஆள் உயர ஜன்னல்கள். சட்டங்கள் கோணி, எதுவும் முழுதாகச் சாத்தாது. பலகைத் தரை; பலகைக்கும் பலகைக்கும் நடுவே ஒரு ரூபாய் நாணயம் நுழையும். கூடத்தில் ஒரு கணப்பு இருந்தது. அதன் வாயைச் செங்கல் வைத்து அடைத்து வெள்ளையடித்திருந்தார்கள். இந்த வீட்டைக் கட்டியவர்களுக்கு விறகு பிளந்து மாடிக்குச் சுமந்து வர ஆட்கள் இருந்தார்கள். அவ்வளவு உயரக் கூரையும் அவ்வளவு பெரிய ஜன்னல்களும் அந்த ஆட்களை நம்பி வைத்தவை. எங்களுக்கு ஜன்னல்கள் மட்டும் மிஞ்சின.

ஹீட்டர் இருக்கிறதே என்பீர்கள். 2,000 வாட் ஹீட்டர் மணிக்கு 2 யூனிட் தின்னும். அதைவிட, வீட்டுக்காரர் முதல் நாளே சொல்லியிருந்தார்: "சார், ஒயரிங் பழசு. ஹீட்டர் மட்டும் போட்டுடாதீங்க. நாலு போர்ஷனும் இருட்டாயிடும்." ஒரு நாள் போட்டுப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மை.

ஆகவே இடுக்குகளை அடைப்பது என்று தீர்மானித்தேன். மைதா பசை காய்ச்சி ஜன்னல் சட்டங்களில் பேப்பர் ஒட்டினோம். தரை இடுக்குகளில் பேப்பரைத் திரித்துக் கத்தி முனையால் திணித்தோம். தினசரிகள் தீர்ந்த பின் கட்டிலுக்கடியில் இருந்த கட்டுகளைப் பிரித்தேன். சில பேர் சேர்ந்து நடத்தி, ஐந்தாவது இதழோடு நின்றுபோன எங்கள் பத்திரிகையின் விற்காத பிரதிகள். 300 அச்சிட்டு 120 வீடு திரும்பியவை. கனத்த காகிதம், நன்றாக நின்றது. "இப்பவாவது உபயோகமாச்சே" என்றாள் மனைவி. எனக்கும் வருத்தமாக இல்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலை. முடிந்ததும் மெழுகுவர்த்தி ஏற்றிச் சுவரோரமாக நகர்த்திக்கொண்டு போனேன். சுடர் ஆடிய இடங்களில் மறுபடி ஒட்டினேன். கடைசியில் எங்கும் ஆடவில்லை. ஒரு கட்டுரையைப் பதில் சொல்ல இடமில்லாமல் முடித்த திருப்தி.

அந்த ஜனவரியில் அம்மா வந்திருந்தாள். 68 வயது. பகலிலும் கம்பளியை விட்டு வெளியே வரவில்லை. "எப்படிப்பா இருக்கீங்க இந்த ஊர்ல" என்று கேட்டுக்கொண்டேயிருந்தாள். தெருமுனை இஸ்திரிக்காரரிடம் கரி வாங்கினேன். இரும்புச் சட்டியில் மூட்டி, புகை அடங்கிக் கனலான பின் அவள் கட்டிலருகே வைத்தேன். புகை இல்லை, நாற்றம் இல்லை. ஆகவே ஆபத்தும் இல்லை என்று எடுத்துக்கொண்டேன். அந்த அறை முதல் முறையாக இதமாக இருந்தது. அம்மா தூங்கிப்போனாள்.

நான் அதே அறையில் மேஜை விளக்கைப் போட்டுக்கொண்டு ஒரு கவிதைத் தொகுப்புக்கு மதிப்புரை எழுத உட்கார்ந்தேன். பதினொரு மணி வாக்கில் தலை வலித்தது. ஒரே வரியை மூன்று முறை படித்தும் பிடிபடவில்லை. 'மொழியின் இறுக்கம் வாசகனை மூச்சுத் திணற வைக்கிறது' என்று எழுதினேன். உருவகமாகத்தான் எழுதினேன். கொஞ்ச நேரத்தில் வயிற்றைப் புரட்டியது. அதையும் கவிஞரின் கணக்கிலேயே பற்று எழுதினேன்.

அம்மா தண்ணீர் கேட்டு எழுந்தாள். இரண்டடி வைத்து, உட்காருவது மாதிரி சத்தமில்லாமல் சரிந்தாள். எனக்கு நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே நேரம் பிடித்தது. அடுத்த அறையிலிருந்து வந்த மனைவி, "என்னங்க இது, உள்ள மூச்சே விட முடியல" என்று ஜன்னலைத் தள்ளினாள். திறக்கவில்லை. நான் அவ்வளவு நன்றாக ஒட்டியிருந்தேன். சமையலறைக்கு ஓடிச் சப்பாத்திக் கட்டையை எடுத்து வந்து கண்ணாடியை உடைத்தாள்.

ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு இரவு முழுக்க ஆக்ஸிஜன் வைத்தார்கள். "வீட்ல கரி மூட்டினீங்களா?" இளம் பெண் டாக்டர் கேட்ட முதல் கேள்வியே அதுதான். கரி கனலும்போது வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் கிடையாது. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் ஆக்ஸிஜனைப் பற்றிக்கொள்வதைவிட 200 மடங்குக்கும் அதிகமான வலுவோடு அதைப் பற்றிக்கொள்கிறது. முதலில் தலைவலி, குமட்டல், குழப்பம், பிறகு தூக்கம். "இடுக்கு இருந்தாலும் கரி கூடாது, சார். நீங்க இடுக்கையும் அடைச்சிருக்கீங்க" என்றார். அடைத்த கணப்பின் அர்த்தம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நெருப்பு மூட்டியவர்கள் அது மூச்சு விடப் புகைபோக்கியையும் கட்டியிருந்தார்கள். சூட்டில் பெரும் பகுதி அதன் வழியே வீணாகப் போயிருக்கும். வீணாகப் போனதால்தான் அவர்கள் காலையில் எழுந்தார்கள்.

ஆஸ்பத்திரி பெஞ்சில் எனக்கு நெடுநல்வாடை ஞாபகம் வந்தது. சில வருஷங்களுக்கு முன் அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். நக்கீரர், வேனிலில் தென்றல் வரும் சாளரங்களின் கதவுகளைத் தாழிட வைக்கிறார். அடுத்த சில வரிகளிலேயே, குளிர்ந்த தண்ணீரை யாரும் தொடாமல் அகன்ற வாயுள்ள தடவில் நெருப்புக் காய்கிறார்கள். தடவு என்றால் கணப்புச் சட்டி. அது பிரிவிலிருக்கும் அரசியின் மனவெப்பத்துக்குப் படிமம் என்று இரண்டு பக்கம் நிறுவியிருந்தேன். நக்கீரர் சட்டியைப் பார்த்திருக்கிறார். கதவைத் தாழிட்டது ஒரு கை. கரியோ விறகோ போட்டதும் ஒரு கை. நான் சட்டியைத் தாண்டிப் போய்ப் படிமத்தைப் பார்த்தேன். படிமம் என்ற சொல்லை விட்டுவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். சட்டியின் சூடு தெரியாமல் அதை உபயோகிப்பதில் இப்போது கூச்சம் இருக்கிறது.

இது நடந்து மூன்று குளிர்காலம் ஆகிவிட்டது. வீட்டைச் சூடாக்கும் எண்ணத்தை விட்டுவிட்டு ஆட்களைச் சூடாக வைத்துக்கொள்கிறோம். மூன்று அறைகளில் சிறியதில் எல்லோரும் படுக்கிறோம். தோதர்களின் பழைய குடிசைக்குள் தவழ்ந்துதான் நுழைய முடியும். இந்த மலையின் குளிருக்கு எவ்வளவு வாசல் போதும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கட்டில்களை வெளிச்சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போட்டிருக்கிறோம். பலகைமேல் சாக்கு, சாக்கின்மேல் ஜமுக்காளம். ஜன்னலுக்குப் பழைய கம்பளியே திரை; உச்சி வெயிலில் திறந்து நாலு மணிக்குள் இழுத்துவிட வேண்டும். படுக்கும்போது காலுறை, குல்லாய், கால்மாட்டில் வெந்நீர் நிரப்பிய ரப்பர் பை. கதவுக்கு மேலே உள்ள இடுக்கை மட்டும் ஒட்டாமல் விட்டிருக்கிறேன். அதன் வழியே வருகிற காற்று நேராக என் மேஜைக்கு வருகிறது.

அந்த மதிப்புரையை அனுப்பவில்லை. மார்ச்சில், பகலில், திறந்த ஜன்னலருகே தொகுப்பை மறுபடி படித்தேன். ஏழெட்டு நல்ல கவிதைகள் இருந்தன. மூச்சுத் திணறவில்லை. கவிஞருக்குக் கடிதம் எழுதினேன். முதலில் எழுதியதைப் பற்றிச் சொல்லவில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்வார். நாம் சில பேர் ஒரு சின்ன அறைக்குள் உட்கார்ந்து ஒருவர் எழுத்தில் ஒருவர் குளிர்காய்ந்துகொண்டிருக்கிறோம். தலை வலித்தால் புத்தகத்தைச் சந்தேகிக்கும் முன் அறையைச் சந்தேகிக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

அம்மா இப்போதெல்லாம் சித்திரையில்தான் வருகிறாள். குளிர்காலம் முழுக்க இரவு ஒன்பது மணிக்குப் போன் செய்வாள். சாப்பாட்டைப் பற்றிக்கூட அப்புறம்தான். முதலில் கேட்பது, "மேல அந்த இடுக்கு திறந்துதானே இருக்கு?"