ஒரு விரல்

மேலைத்தேயப் புல்லாங்குழலில் ஏ மேஜர் ஆர்பெஜியோவை ஏ மைனராக்க ஒரேயொரு விரல் போதும். நடுவிலுள்ள சி ஷார்ப்புக்கு இடக்கை விரல்கள் எல்லாம் மேலே நிற்கும். சுட்டுவிரலை மட்டும் அமர்த்தினால் அரைச்சுரம் இறங்கிச் சி ஆகிவிடும். கூடவே துக்கமும் வந்துவிடும். ஆசிரியர் கலாசாலையில் நான் பழகிய மூங்கில் குழலில் அரைச்சுரத்துக்குத் துளையைப் பாதி மூட வேண்டும். 1847இல் தியோபால்ட் போம் வடிவமைத்த இந்தச் சாவிக் குழலில் அந்தத் தடுமாற்றம் இல்லை.

கஷ்டம் அடுத்த சுரத்தில். சியிலிருந்து மேல் ஈக்கு ஐந்து விரல்கள் ஒன்றாக இறங்க வேண்டும். ஒன்று பிந்தினாலும் இடையில் கள்ளச் சுரமொன்று கீச்சிடும். நாற்பதைத் தாண்டிய, வெண்கட்டி பிடித்த விரல்களுக்கு இது இலேசல்ல.

ஹார்மோனிக் மைனர் சுளுவாக வந்தது. அது நம் கீரவாணிதானே. சினிமாப் பாட்டுக் கேட்ட காதுக்குத் தெரியாததா!

"என்னங்க, மௌத்து ஊட்டுல இரிக்கிற மாதிரி இரிக்கி" என்பாள் மனைவி, அடுப்படியிலிருந்து. சிரித்துக்கொண்டே ஊதுவேன். மூத்தவன் கட்டாருக்குப் போன வாரம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் மேஜரை மட்டுமே ஊதினேன்.