இடுப்புக் கத்தி

மரை வேட்டைக்குப் போகிறவனிடம் இரண்டு ஆயுதங்கள் இருக்க வேண்டும் என்பார் வாப்பா. ஒன்று தூரத்துக்கு, மற்றது கிட்டத்துக்கு. தூரத்துக்கான துவக்கு துரையிடம் இருந்தது. கிட்டத்துக்கானது இருவரிடமும் இருந்தது: துரையின் இடுப்பில் பழைய ரிவோல்வர், வாப்பாவின் இடுப்பில் கத்தி.

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றின் துரை அவர். வாப்பா கடைக்காரர். மரை உயிரோடு அகப்பட்டால் பிஸ்மி சொல்லி அறுக்க ஓர் ஆள் வேண்டும் என்றுதான் அவரைக் கூட்டிப்போவாராம்.

ரிவோல்வர் துரையின் பாட்டனாருடையது. தோட்டாப் போடும் ரகமல்ல. ஆறு அறைகளிலும் தனித்தனியாகக் கருமருந்தைக் கொட்டி, ஈயக் குண்டை வைத்து இறுக்கி, பின்பக்கத்து முனைகளில் செப்புத் தொப்பிகளைச் செருக வேண்டும். குண்டின் மேல் கொழுப்புப் பூசுவார்கள். இல்லாவிட்டால் ஓர் அறையின் தீ பக்கத்து அறைக்கும் தாவிவிடக்கூடும். கோல்ட் கம்பனி 1853இல் லண்டனில் தொழிற்சாலை திறந்து செய்தது இந்த வகையைத்தான். இடியன் துவக்கைப் போலவே இதற்கும் ஈரம் ஆகாது. எங்கள் மலையிலோ மூடுபனி இல்லாத விடியல் அபூர்வம்.

அன்றும் பனிதான். பின்னங்காலில் குண்டுபட்ட மரை ஓடையைத் தாண்டி விழுந்துகிடந்தது. துரை அருகே போய் ரிவோல்வரை நீட்டினார். தொப்பி மட்டும் சடக்கென்று வெடித்தது; மருந்து பற்றவில்லை. அடுத்த அறையும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே. ஒவ்வொரு சத்தத்துக்கும் மரை தலையைத் தூக்கிப் பார்த்ததாம். அதன் பிறகுதான் வாப்பா முன்னால் போய்க் கத்தியை எடுத்தார்.

அன்றிரவு உம்மா சமைத்ததை வாப்பா தொடவில்லை. ஹலாலா ஹராமா என்ற சந்தேகம் அவருக்கு இல்லை. காயப்பட்ட பிராணி உயிரோடு கிடைத்தால் அறுத்தாக வேண்டும், அறுத்தாயிற்று. ஈயக் குண்டிலேயே இறந்திருந்தால்தான் சிக்கல். நமது ஷாபிஈ மத்ஹபில் கூர்மையால் அல்லாமல் பாரத்தால் கொல்லப்பட்டது ஆகாது. அவரை வருத்தியது வேறு. "மூன்று தரம் அது பாத்திச்சு. நான் துரைக்காகப் பாத்துக்கொண்டு நிண்டேன்" என்பார். அதற்குப் பிறகு அவர் வேட்டைக்குப் போகவில்லை.

1848 முதல் 1855 வரை நுவரெலியாவில் வாழ்ந்த சாமுவேல் பேக்கரும் மரையை நாய்களோடு துரத்திக் கத்தியால்தான் முடித்தார். அவருக்கு அது வீர விளையாட்டு, வாப்பாவுக்குக் கடமை. இரண்டையும் நான் ஒன்றாக்கவில்லை. ஆனால் இருவருமே பிராணி சாகும் இடத்தில் நின்றவர்கள்.

இன்று அங்கே யாரும் நிற்பதில்லை. தேயிலைக்கும் மரக்கறித் தோட்டங்களுக்கும் நடுவே, பன்றிக்கென்று கிளச் கம்பியில் சுருக்கு வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். பன்றி, மரை, சிறுத்தை எதுவென்று கம்பிக்குத் தெரியாது. 2020 மே மாதம் நல்லதண்ணியில் அப்படித்தான் ஒரு கருஞ்சிறுத்தை மாட்டியது. உயிரோடு மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோயும் சில நாட்களில் இறந்துபோனது.

சுருக்கு வைப்பவர்களைத் திட்ட எனக்கு உரிமை குறைவு. சில வருடங்களுக்கு முன் தெரிந்தவர் ஒருவர் செய்தித்தாளில் சுற்றி மரை இறைச்சி கொண்டுவந்தார். பாதுகாக்கப்பட்ட பிராணி, சட்டப்படி குற்றம் என்பது தெரியும். "அறுத்ததுதான்" என்றார். எங்கே, எப்போது, எவ்வளவு நேரம் கிடந்த பிறகு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சாப்பிட முடியாமல் போகும் என்று பயந்தேன்.

வாப்பாவின் கத்தி இன்னும் வீட்டில் இருக்கிறது. உழ்ஹிய்யா நாட்களில் மட்டும் எடுத்துத் தீட்டுகிறேன். தீட்டும்போதெல்லாம் அந்தச் செய்தித்தாள் பொட்டலம் நினைவுக்கு வருகிறது.