குடுபல்லி: கள்ளும் கணக்கும்

எல்லை தாண்டினால் சட்டம் மாறுகிறது. கள்ளின் காட்டத்தை அளக்கும் கருவிக்கு எல்லை கிடையாது.

ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூரு செல்லும் ரயில் பாதையில், குப்பத்துக்கு அருகே வருகிறது குடுபல்லி. பாறைக் குன்றுகள், புளியமரங்கள், கேழ்வரகு வயல்கள். சித்தூர் மாவட்டத்தின் இந்த மூலையில் தெலுங்கு, தமிழ், கன்னடம் மூன்றும் காதில் விழும். 1997-ல் திராவிடப் பல்கலைக்கழகம் பக்கத்துக் குப்பத்தில் அமைந்ததும் இந்த மூன்று மாநிலச் சந்திப்பில்தான்.

மொழிகள் கலந்துவிட்டன, மதுச் சட்டங்கள் கலக்கவில்லை. தமிழகத்தில் கள் இறக்க 1987 முதல் தடை. ஆந்திரத்தில் உரிமம் பெற்றவர்கள் இறக்கலாம். அதே ஆந்திரம்தான், நெல்லூர் மாவட்டம் துபகுண்டாவின் பெண்கள் 1992-ல் மூட்டிய போராட்டத்தின் விளைவாக 1993-ல் சாராயத்தைத் தடை செய்தது. 1995-ல் மதுவிலக்கையே கொண்டுவந்து, 1997-ல் அதைத் தளர்த்தியது.

இத்தனை சட்டங்களுக்கும் அடியில் இருப்பது ஒரு சின்னக் கேள்வி: பானையில் ஆல்கஹால் எவ்வளவு?

வீட்டில் பீர் தயாரிக்கப் பழகும் அமெரிக்கர் இதற்கு விடை காணும் முறை எளிது. அங்கே 1978-ல் சட்டம் அதற்கு இடம் கொடுத்தது. ஆந்திரத்திலும் தமிழகத்திலும் உரிமமின்றித் தயாரிப்பது குற்றம். ஆனால் அந்த அமெரிக்கரின் கருவி நம் ஊர்க்காரர்களுக்கு அந்நியமல்ல. பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று சோதிக்கும் லாக்டோமீட்டரின் உடன்பிறப்பான ஹைட்ரோமீட்டர்தான் அது. அடர்ந்த திரவத்தில் உயர்ந்து மிதக்கும். நீர்த்த திரவத்தில் அமிழும்.

தண்ணீரில் அது 1.000 காட்டும். சர்க்கரை கரைந்த சாற்றில் 1.050 காட்டுவதாக வைத்துக்கொள்வோம். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. 180 கிராம் குளுக்கோஸ் முழுதும் மாறினால் 92 கிராம் ஆல்கஹால், 88 கிராம் வாயு. வாயு வெளியேறுகிறது; ஆல்கஹால் தண்ணீரைவிட லேசானது. அதனால் அளவு இறங்கி 1.010-ல் நிற்கிறது. வித்தியாசம் 0.040. அதை 131-ஆல் பெருக்கினால் 5.24. அதாவது கன அளவில் சுமார் 5.2 சதவீதம்.

புதிதாகப் பழகுபவர் தடுமாறும் இடங்கள் சில. கருவியில் ஒட்டும் குமிழிகள் அதைத் தூக்கிவிடும். மெல்லச் சுழற்றி உதற வேண்டும். பல கருவிகள் 20 டிகிரி செல்சியஸுக்காகச் செய்யப்பட்டவை. திரவம் சூடாக இருந்தால் அளவு குறைத்துக் காட்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், ஈஸ்ட் போடும் முன்பே முதல் அளவை எடுத்துக் குறித்து வைப்பது. அதை மறந்தால் கழிக்க எண்ணே இல்லை.

கள்ளின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. கள்ளுக்கு யாரும் ஈஸ்ட் போடுவதில்லை. மரத்தில் கட்டிய பானையில் சாறு சொட்டும்போதே புளிக்கத் தொடங்கிவிடுகிறது. பானை இறங்கும்போது முதல் அளவு கை நழுவிப்போயிருக்கும். பானையின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் புளிப்பது தடைபடும். கிடைப்பது கள் அல்ல, பதநீர். போதாக்குறைக்கு, நேரம் ஆக ஆக ஆல்கஹாலில் ஒரு பகுதி காடியாகவும் மாறுகிறது. காலையில் இனிப்பாக இருந்த கள் மாலையில் வேறு சரக்கு.

சோதனைக்கூடம் இதற்கு வேறு வழி வைத்திருக்கிறது. அளந்தெடுத்த கள்ளைக் காய்ச்சி, ஆல்கஹாலை ஆவியாக்கிக் குளிரவைத்துப் பிடிக்கிறார்கள். அதில் தண்ணீர் சேர்த்துப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து அடர்த்தி பார்க்கிறார்கள். சர்க்கரையின் குறுக்கீடு இல்லாததால் முதல் அளவு தேவையில்லை.

ஆனாலும் அடர்த்தி எல்லாவற்றையும் சொல்லிவிடாது. விஷமான மெத்தனாலின் அடர்த்தியும் குடிக்கும் ஆல்கஹாலின் அடர்த்தியும் ஏறக்குறைய ஒன்று. மிதக்கும் கருவிக்கு இரண்டும் ஒன்றே. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது மெத்தனால் கலந்த சாராயம். கள்ளுக்கடைச் சோதனைகளில் பிடிபட்டிருக்கும் குளோரல் ஹைட்ரேட் என்ற மயக்க மருந்தையும் இந்தக் கணக்கு காட்டிக்கொடுக்காது. அதற்கு ரசாயனப் பரிசோதனைதான் வழி. எல்லையின் எந்தப் பக்கம் நின்று குடித்தாலும், பானையைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்கக் குடிப்பவரிடம் கருவி ஏதுமில்லை.